நான்கு முறை ஒப்புக்கொடுத்தும் தீராத பயம்

வாசகி கடிதம்: ஐயா, ஸ்தோத்திரம். பெரம்பூரில் இருக்கிறேன், வயது 41. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். குழந்தையிலேயே ஞானஸ்நானம், பதினைந்து வயதில் திடப்படுத்தல். பதினாறில் ஒரு வாலிபர் முகாமில் ஆண்டவருக்கு என்னை ஒப்புக்கொடுத்தேன். அதன்பிறகு கன்வென்ஷன்களில் இன்னும் மூன்று முறை கையை உயர்த்தி, அழுதுகொண்டே முன்னால் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று வாரம் சந்தோஷமாக இருக்கும். பிறகு மகனிடம் கத்துவேன், ஏதாவது பொய் சொல்வேன், 'நான் இரட்சிக்கப்படவே இல்லை' என்ற பயம் வந்துவிடும். சீட்டு எடுத்த பணத்தில் 40,000 ரூபாயை என் கணவருக்குத் தெரியாமல் தம்பிக்குக் கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அதிலிருந்து திருவிருந்து எடுப்பதில்லை. பரிகாரம் போல வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறேன். சுகர் மாத்திரை சாப்பிடுகிறவள். அலுவலகத் தோழி ஒருவர், 'முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து அந்நியபாஷை (ஆவியின் வரமாகப் பேசும், கற்காத மொழி) பேசினால்தான் இரட்சிப்பு உறுதி' என்கிறார். எபிரெயர் 6ஆம் அதிகாரத்தை வாசித்ததிலிருந்து தூக்கம் இல்லை. நான் என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக வெள்ளிக்கிழமை உபவாசத்தை நிறுத்துங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். அப்போது வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், காரணம் தெரியாத ஒரு திகில் வரும். அந்தத் திகிலை 'ஆவியானவர் கண்டிக்கிறார்' என்று எடுத்துக்கொண்டு அடுத்த வேளைச் சாப்பாட்டையும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேட்காமல் உபவாசம் வேண்டாம். உபவாசத்துக்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்துவதும் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜெபிக்க மனமிருந்தால் மதியம் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து ஜெபியுங்கள். பசியைக் காட்டி ஆண்டவரிடம் எதையும் வாங்க வேண்டியதில்லை.

இனி உங்கள் கேள்வி. நான்கு முறை ஒப்புக்கொடுத்ததை எழுதியிருக்கிறீர்கள். நான்கிலும் நீங்கள் செய்தது மட்டுமே இருக்கிறது: கையை உயர்த்தினேன், அழுதேன், முன்னால் போனேன். கிறிஸ்து உங்களுக்காக என்ன செய்தார் என்று ஒரு வரிகூட இல்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நம் மேடைகள் கற்றுக்கொடுத்தது இப்படித்தான். கூட்டத்தின் முடிவில் மக்களை முன்னால் அழைக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சார்லஸ் ஃபின்னி போன்ற பிரசங்கிமார் மூலம் பரவியது. புதிய ஏற்பாட்டில் அப்படியொரு சடங்கு கிடையாது. அநேகர் அந்த வழியாக ஆண்டவரிடம் வந்திருக்கிறார்கள், அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் 'இரட்சிப்பின் நிச்சயம் இல்லாதவர்கள் கையை உயர்த்துங்கள்' என்று அழைக்கும்போது, மனச்சாட்சி மென்மையாக இருக்கிறவர்கள்தான் முதலில் உயர்த்துகிறார்கள். கல்நெஞ்சக்காரர் உட்கார்ந்தே இருப்பார். அடுத்த கன்வென்ஷனில் அழைப்பு வரும்போது நீங்கள் இருக்கையிலேயே இருந்து, 'ஆண்டவரே, ஏற்கெனவே ஏற்றுக்கொண்டதற்கு ஸ்தோத்திரம்' என்று சொல்லுங்கள். ஐந்தாவது முறை போகாதீர்கள்.

எபேசியர் 2:8 உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்: 'கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்; இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு.' அடுத்த வசனம் கிரியைகளையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. 'இரட்சிக்கப்பட்டீர்கள்' என்ற இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள வினைவடிவம், முன்பு நடந்து முடிந்து அதன் பலன் இன்றும் நிற்கிற ஒன்றைக் குறிப்பது. 'இரட்சிக்கப்பட்டு, அந்த நிலையிலேயே இருக்கிறீர்கள்' என்று விரித்துச் சொல்லலாம். அதே பவுல் 1 கொரிந்தியர் 1:18இல் 'இரட்சிக்கப்படுகிற நமக்கோ' என்று எழுதுகிறார். ரோமர் 5:10இல் 'இரட்சிக்கப்படுவது அதிக நிச்சயமாமே' என்கிறார். ஆக மூன்று காலத்திலும் இரட்சிப்பு பேசப்படுகிறது. குற்றம் நீங்கி நீதிமானாக எண்ணப்பட்டது ஒன்று. அது நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி, ஒரே தரம். குணம் கொஞ்சங்கொஞ்சமாக மாறிவருவது இரண்டாவது, அதற்கு ஆயுள் முழுவதும் ஆகும். மகிமையில் நிறைவடைவது மூன்றாவது. நீங்கள் இரண்டாவதில் ஒவ்வொரு முறை சறுக்கும்போதும் முதலாவதை அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறீர்கள். இருபத்தைந்து வருஷ அவஸ்தை முழுக்க இந்த ஒரு குழப்பத்தில் இருந்து வருகிறது.

பெரம்பூரில் ஏறி மூர் மார்க்கெட் போகிற மின்சார ரயில், பேசின் பிரிட்ஜ் தாண்டி சிக்னலுக்காக நின்றுவிடுவது உங்களுக்குப் புதிதல்ல. பத்து நிமிஷம் அசையாது. அதற்காக யாரும் இறங்கித் தண்டவாளத்தோரமாக நடந்து பெரம்பூருக்கே திரும்பி வந்து புது டிக்கெட் எடுப்பதில்லை. பெட்டிக்குள் ஒருவர் நிம்மதியாகத் தூங்குகிறார், இன்னொருவர் கதவோரம் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வருகிறார். இருவரையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரே வண்டி. உங்கள் விஷயத்தில் டிக்கெட்டுக்குக் காசு கட்டியவரும் நீங்கள் இல்லை.

'என் விசுவாசம் உண்மையானதுதானா' என்ற சந்தேகமும் உங்களுக்கு இருக்கும். விசுவாசத்தில் மூன்று அம்சங்களைப் பழைய சீர்திருத்த ஆசிரியர்கள் பிரித்துச் சொன்னார்கள்: செய்தியை அறிவது, அது உண்மை என்று ஒத்துக்கொள்வது, அந்த நபர்மேல் சாய்ந்துகொள்வது. முதல் இரண்டும் பிசாசுகளுக்கும் உண்டு. யாக்கோபு 2:19 அவை 'விசுவாசித்து, நடுங்குகின்றன' என்கிறது. சாய்வதுதான் அவற்றிடம் இல்லை. சாய்வதற்குப் பெரிய பலம் தேவையில்லை. மாற்கு 9:24இல் வரும் தகப்பன், 'விசுவாசிக்கிறேன், ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று அழுகிறான். பாதி விசுவாசம், பாதி சந்தேகம். 'முழுதாக விசுவாசித்துவிட்டு வா' என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். உங்கள் ஜெபமாக இந்த ஒரு வரியையே வைத்துக்கொள்ளுங்கள்.

சாந்தோம் பக்கம் கத்தோலிக்கர் 'மீட்பு', 'அருள்' என்பார்கள். வேப்பேரி பக்கம் புராட்டஸ்டன்ட் சபையினர் நாம் 'இரட்சிப்பு', 'கிருபை' என்போம். வார்த்தைதான் வேறு. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, நம்முடைய தகுதி எதனாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று ஒரே குரலில் சொல்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்ட சபைகள் ஒத்துப்போன இடம் அது. அந்த இடத்தில் நீங்களும் காலை ஊன்றி நிற்கலாம்.

மூன்று வாரத்தில் சந்தோஷம் வடிந்துவிடுவதால் நடந்தது பொய் என்று ஆகாது. மூன்று நாள் பாட்டு, ஆயிரக்கணக்கான குரல், ராத்திரி பத்து மணி வரை கூட்டம் என்று இருக்கும்போது மனம் உயரப் போகும். வீட்டுக்கு வந்து தண்ணீர் லாரியும் ஸ்கூல் ஃபீஸும் என்று ஆகும்போது இறங்கும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டமொன்றில் தம் இருதயம் அனலடைந்ததை எழுதி வைத்தவர். கிறிஸ்து தம் பாவங்களை எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் அன்று அவருக்கு வந்தது. அதே வெஸ்லி எட்டு மாதம்கூட ஆகாத 1739 ஜனவரி 4 அன்று, தாம் இப்போது கிறிஸ்தவனே இல்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் பிரசங்கித்தார்.

எபிரெயர் 6:4 முதல் 6 வரை கடினமான பகுதிதான். அது பேசுவது, கிறிஸ்துவை அறிந்து ருசிபார்த்த பிறகு அவரை வெளிப்படையாக மறுதலித்து விட்டுப்போகிறவர்களைப் பற்றி. அந்த எச்சரிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் கால்வின் வழியினரும் வெஸ்லி வழியினரும் இன்றும் வேறுபடுகிறார்கள். ஆனால் மகனிடம் கத்திவிட்டு ராத்திரி அழுகிற தாய் இந்தப் பட்டியலில் வருகிறாள் என்று இரண்டு தரப்பிலும் யாரும் போதிப்பதில்லை. நீங்கள் 6ஆம் வசனத்தோடு புத்தகத்தை மூடிவிட்டீர்கள் போலிருக்கிறது. 9ஆம் வசனத்தை வாசியுங்கள்: 'பிரியமானவர்களே' என்று அழைத்து, 'இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்தில் உண்டாயிருக்கிறதென்று நம்பியிருக்கிறோம்' என்கிறார் எழுதியவர். பரிசுத்த ஆவியைத் தூஷிப்பது என்ற மன்னிக்கப்படாத பாவமும் அப்படித்தான். மாற்கு 3:30 அந்தப் பேச்சுக்குக் காரணத்தை அங்கேயே சொல்லிவிடுகிறது: இயேசு அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறார் என்று வேதபாரகர் சொன்னதால். அதைச் செய்துவிட்டோமோ என்று நடுங்குகிறவர் அதைச் செய்தவர் அல்ல.

தோழி சொன்ன ஞானஸ்நானம். சபைகள் இதில் உண்மையாகவே வேறுபடுகின்றன, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்க சபைகள் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கின்றன, அதைத் திரும்பக் கொடுப்பதில்லை. பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட், சகோதரர் சபைகள் விசுவாசித்தவருக்கு மட்டுமே முழுக்கு கொடுக்கின்றன. அவர்கள் பார்வையில் அது இரண்டாவது ஞானஸ்நானமே அல்ல. மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில், பாவமும் மனச்சாட்சியும் நெருக்கும்போது 'ஆனாலும் நான் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறேனே' என்று பதில் சொல்லச் சொல்கிறார். அவர் பெற்றதும் குழந்தை ஞானஸ்நானம்தான். நாளைக்கு வேத ஆராய்ச்சியின் பேரில், அமைதியான மனதோடு, உங்கள் ஆயரிடமும் வீட்டாரிடமும் பேசி நீங்கள் வேறு முடிவுக்கு வந்தால் அது வேறு விஷயம். ஆனால் பயத்தை அமர்த்துவதற்காகத் தண்ணீரில் இறங்காதீர்கள். அதுவும் மூன்று வாரம்தான் தாங்கும், பிறகு 'சரியான மனதோடு முழுகினேனா' என்ற கேள்வி எழும். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குத் தண்ணீரும் கிடைக்கவில்லை, அந்நியபாஷையும் இல்லை. 'இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்' என்ற வாக்கு கிடைத்தது. அந்நியபாஷை எல்லாருக்கும் கட்டாயம் என்பதற்கு 1 கொரிந்தியர் 12:30 கேள்வியாகவே பதில் சொல்லிவிட்டது: 'எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?'

இப்போது அந்த 40,000 ரூபாய். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட உண்மையான பாரம் இதுதான். ஒன்றரை வருஷமாக மூடிவைத்த பொய் ஒன்று இருக்கும்போது, எந்தக் கூட்டத்திலும் சமாதானம் தங்காது. மற்ற பயங்களில் பாதி இதன் நிழல். ஆண்டவரிடம் நூறு முறை சொல்லியிருப்பீர்கள். சொல்லவேண்டிய மனிதரிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

லூக்கா 19இல் வரி வசூலித்த சகேயுவின் கதையில் வரிசையைக் கவனியுங்கள். மரத்தில் இருந்தவனை இயேசு பேர்சொல்லி அழைத்து, 'இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்' என்கிறார். அந்த நிமிஷத்தில் அவன் ஒரு காசுகூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் அவனை ஏற்றுக்கொண்ட பிறகுதான், அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நிற்கிறான். ஏற்றுக்கொள்ளப்பட்ட தைரியத்தில் கணக்கை நேர்செய்கிறான். நீங்களும் இரட்சிப்பை வாங்க அல்ல, இரட்சிக்கப்பட்டவளாக இதைச் செய்யப்போகிறீர்கள்.

எப்படிச் சொல்வது என்பதில்தான் அநேகர் தவறுகிறார்கள். ஞாயிறு காலை ஆராதனைக்குக் கிளம்பும் அவசரத்திலோ, சண்டை நடுவிலோ, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அழுதுகொண்டோ சொல்லாதீர்கள். மகன் டியூஷனுக்குப் போயிருக்கும் ஒரு சாயங்காலத்தைத் தேர்ந்தெடுங்கள். தொகை, கொடுத்த மாதம், யாருக்கு, ஏன் மறைத்தீர்கள் — நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். 40,000 கொடுத்துவிட்டு '20,000 கொடுத்தேன்' என்று பாதி சொல்வது இன்னொரு பொய். பிறகு அது வெளிவரும்போது முதல் அறிக்கையும் செல்லாக்காசாகிவிடும். தம்பியின் கஷ்டத்தை நீட்டி முழக்கி உங்கள் பக்கத்தை நியாயப்படுத்த வேண்டாம். 'ஆண்டவரே என்னை மன்னித்துவிட்டார், நீங்களும் மன்னிக்கணும்' என்ற வாக்கியம் வேண்டவே வேண்டாம். அது மன்னிப்புக் கேட்பதல்ல, வற்புறுத்துவது. 'நான் உங்களை ஏமாற்றினேன், தப்பு என்னுடையது' என்று சொல்லி நிறுத்துங்கள். அவர் கோபப்பட்டால் கோபப்பட இடம் கொடுங்கள். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமலும் இருக்கலாம். அதை 'ஆண்டவர் என்னை மன்னிக்கவில்லை' என்று மொழிபெயர்த்துக்கொள்ளாதீர்கள். அவர் வேகம் வேறு, ஆண்டவர் வேகம் வேறு.

உங்கள் சம்பளத்தில் மாதம் 2,500 எடுத்து வைத்தால் 16 மாதத்தில் தொகை வீட்டுக் கணக்கில் திரும்ப நிற்கும். அதைத் தனியாக ஒரு ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டு, பாஸ்புக்கை அவர் பார்க்கும் இடத்தில் வையுங்கள். தம்பி திருப்பித் தந்தால் நல்லது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கணவர் கைநீட்டுகிறவர் என்றால் மட்டும் தனியாகச் சொல்லாதீர்கள். நம்பிக்கையான ஒரு பெரியவரோ ஆயரோ கூட இருக்கட்டும். ஆபத்து என்று தோன்றினால் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

மகனிடம் கத்துவதற்கும் இதே வழி. ராத்திரி முழங்காலில் நின்று ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்கிறீர்கள், பக்கத்து அறையில் பிள்ளை திட்டு வாங்கினபடியே தூங்கிவிடுகிறான். அன்றைக்கே, அவன் தூங்குமுன் போய், 'அம்மா கத்தினது தப்புடா' என்று சொல்லுங்கள். 'நீ ஒழுங்காப் படிச்சிருந்தா நான் ஏன் கத்தப்போறேன்' என்று வால் சேர்க்காதீர்கள். ஆவியானவர் மனதைப் புதிதாக்குகிறது பெரும்பாலும் இந்த அளவில்தான் நடக்கும். முதல் மாதம் கத்திய பிறகு உறைக்கும்; பிறகு கத்தும்போதே உறைக்கும்; எப்போதாவது ஒருநாள் வாயைத் திறக்குமுன் உறைக்கும்.

அறிக்கையிடும் முறையையும் மாற்றுங்கள். 'நான் பாவி, மகா பாவி' என்று பொதுவாகப் புலம்பினால் மன்னிக்கப்பட்டது எது என்று உங்களுக்கே தெரியாது. அதனால் மனமும் ஆறாது. 'ஆண்டவரே, இன்றைக்கு எட்டு மணிக்குக் கணக்குப் பாடத்துக்காக மகனை மக்கு என்று திட்டினேன். அது பாவம். மன்னியும்' என்று பேர்சொல்லி ஒரே தரம் சொல்லுங்கள். பிறகு 1 யோவான் 1:9ஐச் சத்தமாக வாசியுங்கள். நம் பாவங்களை மன்னிக்க அவர் 'உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்' என்று இருக்கும். இரக்கம் உள்ளவர் என்று எழுதியிருந்தால் இன்றைக்கு இரக்கம் இருக்குமோ என்று நாம் யோசிக்கலாம். நீதி என்று எழுதியிருக்கிறது: விலை கட்டப்பட்ட கடனை இரண்டாம் தரம் வசூலிப்பது நீதியாகாது. வாசித்தவுடன் எழுந்துவிடுங்கள். அதே பாவத்தை மறுநாள் மறுபடி கொண்டுவராதீர்கள். 'இனி ஜென்மத்துக்கும் செய்யமாட்டேன்' என்ற பொருத்தனையும் வேண்டாம். பிரசங்கி 5:5 சொல்வதுபோல, நேர்ந்துவிட்டுச் செய்யாமல் போவதைவிட நேராமல் இருப்பது நல்லது.

வேதம் வாசிக்க ரோமர் 3 முதல் 8 வரை ஆறு அதிகாரங்களை எடுங்கள், வாரத்துக்கு ஒன்று. அதே அதிகாரத்தை ஆறு நாளும் வாய்விட்டு வாசித்தால் நாளுக்குச் சில நிமிஷம்தான் ஆகும். இந்த ஆறு வாரமும் எபிரெயர் 6ஐத் திறக்கவேண்டாம்.

இதையெல்லாம் செய்தும், அறிக்கையிட்ட பாவமே மணிக்கணக்கில் மனதில் சுழன்றால், ஒரு வார்த்தை பிசகியது என்று ஜெபத்தை முதலிலிருந்து தொடங்கினால், 'நான் இரட்சிக்கப்பட்டிருக்கிறேனா' என்று பல பேரிடம் மாறி மாறிக் கேட்டால், அது ஓ.சி.டி. என்ற மனநோயின் ஒரு வகையாக இருக்கலாம். பக்தி உள்ளவர்களிடம் அது பக்தியின் வடிவத்திலேயே வரும். அதில் ஆறுதல் வார்த்தை எவ்வளவு சொன்னாலும் கொஞ்ச நேரம் நிம்மதி தந்துவிட்டு அடுத்த கேள்வியைப் பெரிதாக்கும். அதனால்தான் இந்தப் பதிலையும் பத்து முறை வாசிக்காதீர்கள் என்கிறேன். நடத்தைப் பயிற்சி சிகிச்சையும் மாத்திரையும் இதற்கு நன்றாக வேலைசெய்கின்றன. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது, 14416 என்ற இலவச எண்ணில் தமிழில் பேசலாம். சுகர் மாத்திரை அவிசுவாசம் இல்லை என்றால் இதுவும் இல்லை.

கடைசியாகத் திருவிருந்து. 1 கொரிந்தியர் 11இல் வரும் 'அபாத்திரமாய்' (தகாத விதமாய்) என்ற சொல்தான் உங்களைத் தடுத்திருக்கும். கொரிந்துவில் நடந்தது என்ன என்று 21ஆம் வசனம் காட்டுகிறது: வசதி உள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், ஏழைகள் பசியோடு நின்றார்கள். பவுல் கண்டிப்பது அந்த விதத்தை. 28ஆம் வசனம், தன்னைச் சோதித்தறிந்து புசிக்கச் சொல்கிறது. சோதித்தறிந்து விலகியிரு என்று சொல்லவில்லை. கணவரிடம் பேசிய பிறகு வரும் முதல் திருவிருந்து ஆராதனைக்குப் போங்கள். அவர் இன்னும் சமாதானமாகாவிட்டாலும் போங்கள். முந்தின வாரமே ஆயரிடம், 'ஒன்றரை வருஷமாக எடுக்கவில்லை, இந்த வாரம் வருகிறேன்' என்று மட்டும் சொல்லிவையுங்கள். பீடத்தண்டையில் முழங்கால்படியிட்டதும் வலது உள்ளங்கையை இடது கைமேல் விரித்து வையுங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும், மூடிக்கொள்ளாதீர்கள். அப்பத்தை அதில் வைப்பது ஆயருடைய வேலை.